எதிர்க்கடைக் கண்ணாடியில் ஒரு ஜோடி

இஞ்சிவிளை, பாறசாலை
11-9-1994

அண்ணா,

நீங்கள் அதை எழுதாமலே இருந்திருக்கலாம். லாண்டிரியில் சூடு தாங்கவில்லை, ஷார்ஜாவில் மீனுக்கு ருசி இல்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில், எதிர்த்த விளையாட்டுச் சாமான் கடைக் கண்ணாடிக்குள் நான் எப்போதும் சொல்லும் சிவப்பும் கறுப்புமான ஷூவைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது நான் சொன்ன ஷூதானா? கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறதா? மேல் பக்கத்தில் இறக்கை வைத்த பந்து அச்சடித்திருக்கிறதா? அப்படியென்றால் அதுதான். ஜோர்டான் முதன்முதலில் போட்டு ஆடிய மாடல். உண்ணி சார் எங்களுக்குக் கூடைப்பந்து பழக்க வந்த புதிதில், ஒரு பழைய பத்திரிகையில் அந்தப் படத்தைக் காட்டினார். பந்து பிடிக்கும் முன்னாலேயே எனக்கு அந்த ஷூ பிடித்துவிட்டது. அந்த மாடல் நின்றுபோய் வருஷக்கணக்காகிறது என்றார் சார். இப்போது அதையே பழையபடி திரும்பச் செய்து விற்கிறார்களாம்.

ஆசைக்காகக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஆசை மட்டும் இல்லை. ஜனவரியில் திருவனந்தபுரத்தில் ஒரு அரசுக் கம்பெனி பெண்கள் டீமுக்கு ஆள் எடுக்கிறது. டீமில் எடுத்தால் ஆபீஸில் நிரந்தர வேலை. வயது வரம்பு எனக்கு இந்த முறையோடு முடிகிறது. போன மழையில் தனுவச்சபுரம் கோர்ட்டில் வலது கணுக்கால் பிசகியது உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு இன்னொரு முறையும் பிசகியது தெரியாது. இப்போது உயரச் சாடி இறங்கும்போதெல்லாம் கால் நிற்குமா என்ற பயம் வருகிறது. பயந்தவள் கையில் பந்து நிற்காது. கணுக்காலைப் பிடித்து நிறுத்த ஒரு ஷூ இருந்தால் நான் ஆடிவிடுவேன்.

நம் ஊரில் எல்லோரும் கல்ஃபுக்கு அனுப்புவது போல, பேப்பரில் கால் வைத்து பென்சிலால் வரைந்து, வெட்டி இதற்குள் வைத்திருக்கிறேன். இரண்டு சாக்ஸ் போட்டுத்தான் வரைந்தேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஷீஜா


ஷார்ஜா
2-10-1994

மக்களே ஷீஜா,

உன் பாதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்ததும் அது கட்டிலில் விழுந்தது. மேல்கட்டில் தங்கப்பன் அண்ணன் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது பெண்பிள்ளைக்க காலா, இல்ல தென்னமட்டையா?” என்று கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஊரிலிருந்து புறப்பட்டபோது உன் கால் இவ்வளவு பெரிதில்லை.

வெள்ளிக்கிழமை லாண்டிரிக்கு லீவு. அந்தப் பாதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குள் போனேன். அங்கே விற்பனைக்கு நிற்பவன் கோழிக்கோட்டுக்காரன், நல்ல மாதிரி. ஷூவை எடுத்துக் கையில் தந்தான். நீ சொன்ன இறக்கை வைத்த பந்து இருக்கிறது. உன் பாதத்தை உள்ளே விட்டேன், மடங்காமல் நுனி வரை போய்ச் சேர்ந்தது. இதை யாரும் வாங்குவதில்லை என்று அவனே சொன்னான். வருகிற பையன்கள் எல்லாம் அடியில் காற்றுக்குமிழ் தெரிகிற புது மாடலைத்தான் கேட்கிறார்களாம். பழையதைத் திரும்பச் செய்தால் யாருக்கு வேண்டும் என்றான். இஞ்சிவிளையில் ஒருத்திக்கு வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

விலையை எழுதமாட்டேன். எழுதினால் நீயே வேண்டாம் என்பாய்.

இதே வாரம் அம்மாவின் கடிதமும் வந்தது. அதியன்னூரில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர்கள் உன்னைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்களாமே. நல்ல குடும்பம், சபைக்குப் போகிறவர்கள், வரதட்சணை ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு பந்தாட்டம் கூடாது, அது ஒன்றுதான் அவர்கள் சொன்னதாம். நான் உனக்கு எழுதிப் புரியவைக்க வேண்டுமாம். ஒரு கையில் அம்மாவின் கடிதமும் மறு கையில் உன் பாதமுமாக நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்சம் யோசிக்கிறேன். யாரும் வாங்காத ஷூதானே, ஓடிவிடாது.

ராஜதாஸ்


இஞ்சிவிளை
20-10-1994

அண்ணா,

யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் யோசித்து முடிக்கும்போது எனக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கும்.

அம்மா உங்களுக்கு எழுதாததை நான் எழுதுகிறேன். காலையில் நான் பையைத் தூக்கினால் அம்மா வாசலில் வந்து நிற்கிறாள். நேற்று சொன்னது இது. “சபையில ஒரு பெண்ணு மிச்சமில்லாம உன்னப்பற்றி என்னட்ட கேட்டாச்சு. ரெண்டு காலும் காட்டி சாடினது மதி, போதும். இனி ஒரு வீட்டுல போயி இரு.” பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுதேன். தனுவச்சபுரத்தில் இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டேன், ஸ்மிதா கேட்டால் தூசி என்று சொல்ல வேண்டுமே. எங்கள் டீமில் உயரமானவள் ஸ்மிதா. நான் பந்தைக் கொடுக்காவிட்டால் அவளுக்கு ஆட்டமே இல்லை, அவள் இல்லாவிட்டால் எனக்கும் இல்லை. இரண்டு பேரும் ஜனவரிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம்.

அதியன்னூர்க்காரரை நான் பார்த்தேன். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில், அவருடைய அக்காவோடு வந்திருந்தார். மரியாதையாகப் பேசினார். கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் உங்களுக்கும் அம்மாவுக்கும் எழுதிப் புரியவைக்க எளிதாக இருக்கும். எனக்கு அந்த வீட்டுக்குள் போய் உட்கார முடியாது. போனால் நான் அதோடு தீர்ந்தேன்.

நீங்கள் யோசிக்கிற விஷயம் ஷூ இல்லை என்று எனக்குத் தெரியும். அதை வாங்கினால் என் பக்கம். வாங்காவிட்டால் அம்மா பக்கம். யோசிப்பது என்று மூன்றாவது பக்கம் ஒன்று கிடையாது அண்ணா.

கான்வாஸ் ஷூவின் அடி பிளந்து சாக்ஸ் தரையில் உரசுகிறது. உண்ணி சார் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டித் தந்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடுகிறேன்.

ஷீஜா


ஷார்ஜா
8-11-1994

மக்களே,

கோபமாக எழுதினாலும் எழுது. அறையில் மற்றவர்களுக்குக் கடிதம் வராத வாரத்தில் உன் திட்டு வந்தாலும் எனக்கு அது திருநாள்தான்.

ஒரு நல்ல செய்தி. ஷூவின் விலையைக் குறைத்திருக்கிறார்கள். பழைய சீட்டின் மேல் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. கோழிக்கோட்டுக்காரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதலாளி இதை எப்படியாவது தள்ளிவிடப் பார்க்கிறார், இன்னும் குறையும், அவசரப்படாதே என்றான். அதனால் கொஞ்சம் பொறு. டிசம்பர் நடுவில் தங்கப்பன் அண்ணன் ஊருக்கு வருகிறார். அவர் பெட்டியில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் உன் காலில் ஏறும்.

மூன்றாவது பக்கம் கிடையாது என்றாய். நான் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன் கேள். உன்னை ஒரு இடத்தில் கொடுத்த பிறகுதான் நான் கல்ஃபை விட்டு வர வேண்டும் என்று அம்மா வாக்கு வாங்கியிருக்கிறாள். தங்கை வீட்டில் இருக்க அண்ணன் கல்யாணம் செய்துகொண்டான் என்று நம் ஆட்கள் பேசுவார்கள். நீ ஆட ஆட, நான் இங்கே நிற்கிறேன். மக்களே, இந்த லாண்டிரியில் நிற்பது சும்மா நிற்பது இல்லை. ஆவி முகத்தில் அடித்து அடித்து எனக்கு வியர்வையின் வாசமே தெரியாமல் போய்விட்டது. காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது. எனக்கு ஊருக்கு வர வேண்டும். அதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். அம்மா எழுதிய அந்த அதியன்னூர் வார்த்தையைப் படித்தபோது, உன்னை நினைப்பதற்கு முன்னால் விமான டிக்கெட்டைத்தான் நினைத்தேன். 

இருந்தாலும் ஷூவை வாங்கத்தான் போகிறேன். விலை இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்.

ராஜதாஸ்


இஞ்சிவிளை
27-11-1994

அண்ணா,

உங்கள் கால் நரம்பைப் பற்றிப் படித்த பிறகு, பதில் எழுத எடுத்த பேனாவை வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க நாளாகிவிட்டது. என்னால்தான் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள் என்று இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது பந்தைத் தூக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

அதற்காகவும் எனக்கு இந்த வேலை வேண்டும். நான் சம்பளம் வாங்கும் பெண்ணாகிவிட்டால் என்னைக் கட்டிக்கொடுக்கும் வரை காத்திருக்கும்படி உங்களிடம் யார் சொல்ல முடியும்? அம்மாவே வாயை மூடிக்கொள்வாள். நீங்கள் வரலாம்.

சைக்கிள் டியூப் ஒட்டும் விட்டுவிட்டது. ஸ்மிதாவின் அக்காவுடைய ஷூவைப் போட்டேன், விரல் மடங்கி நகம் கறுத்துவிட்டது. வெறுங்காலில் ஆடலாம் என்றால் தனுவச்சபுரம் கோர்ட்டின் சிமெண்டு உங்களுக்குத் தெரியும். நேற்று கூடைக்குச் சாடி லே-அப் போட்டு இறங்கும்போது கால் மறுபடி வளைந்தது. வீங்கவில்லை, கர்த்தர் காப்பாற்றினார். ஆனால் அதன்பிறகு நான் சாடவே இல்லை, ஓரமாக நின்று பந்தைப் பாஸ் செய்துகொண்டிருந்தேன். உண்ணி சார் பார்த்துவிட்டார். இப்படி ஆடினால் ஜனவரியில் உன்னை முதல் நாளே அனுப்பிவிடுவார்கள் என்றார். கல்ஃபிலிருந்து ஷூ வருகிறது சார் என்றேன்.

அதியன்னூர் வீட்டார் செலக்ஷன் முடிந்த பிறகு நிச்சயம் பேச வருகிறார்கள். அந்தப் பொறுமையையாவது காட்டினார்களே என்று அம்மா சொல்லிக்காட்டுகிறாள்.

விலை இறங்கினாலும் இறங்காவிட்டாலும் வாங்கிவிடுங்கள். கெஞ்சுகிறேன்.

ஷீஜா


ஷார்ஜா
15-12-1994

மக்களே,

இந்தக் கடிதம் தங்கப்பன் அண்ணன் கையில் வருகிறது. ஷூ வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டியைத் துழாவாதே.

போன வெள்ளிக்கிழமை வாங்குவதற்கென்றே போனேன். பணம் பையில் இருந்தது. மறுபடி புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. கோழிக்கோட்டுக்காரன் என் காதோடு காதாக, வருஷ முடிவுக்கு எல்லாவற்றையும் பாதிக்குத் தரப் போகிறார்கள், இன்று வாங்குகிறவன் மடையன் என்றான். தங்கப்பன் அண்ணன் போய்விட்டால் யார் கையில் கொடுப்பது என்று கேட்டேன். ஆளா கிடைக்காது என்றான். நான் ஷூவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். தெருவைத் தாண்டும்போதே தப்பு செய்துவிட்டேன் என்று தோன்றியது. ஆனால் திரும்பிப் போகவில்லை. பாதி விலைக்குக் கிடைக்கப் போவதை முழு விலைக்கு வாங்க என் கை நீளாது மக்களே, நான் அப்படியே ஆகிவிட்டேன்.

கோபப்படாதே. காரக்கோணத்துக்காரி பிரேமகுமாரி என்று ஒரு நர்ஸ், லாண்டிரிக்குத் துணி கொண்டுவருகிறவள், புது வருஷம் கழிந்து ஊருக்கு வருகிறாள். அவளிடம் சொல்லிவிட்டேன். செலக்ஷனுக்கு முன்னால் எப்படியும் வந்துவிடும்.

சோப்பும் தைலமும் அம்மாவுக்குச் சேலையும் வைத்திருக்கிறேன். தைலத்தைக் கணுக்காலில் தேய்.

ராஜதாஸ்


இஞ்சிவிளை
28-12-1994

அண்ணா,

துழாவாதே என்று நீங்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன்னால் துழாவிவிட்டேன். தங்கப்பன் அண்ணன் எங்கள் முன்னால் பெட்டியைத் திறந்தார். சோப்பு, சோப்பு, மறுபடி சோப்பு. அடியில் இருக்கும் என்று நினைத்தேன். அடியில் அவருடைய பிள்ளைக்கு வாங்கிய பொம்மைக் கார் இருந்தது. “ராஜதாஸ் அத மறந்திருக்க மாட்டான் பிள்ளே, எங்கியோ உண்டு” என்று அவர் மறுபடி மறுபடி தேடியது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

உங்கள் ஷூ இனி வேண்டாம். எனக்கு ஷூ கிடைத்துவிட்டது.

ஆனந்தபாய் சித்தியின் வீட்டுக்குப் பக்கத்தில், மார்த்தாண்டத்தில் ஒரு கிளப் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர்களுக்குப் போட்டி. என்னைப் போல் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்து ஆடுகிற பெண் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, வருகிறாயா என்று சித்தி மூலம் கேட்டார்கள். ஆடுகிறவர்களுக்கு உடுப்பும் ஷூவும் உண்டு என்றார்கள். நான் அந்த நிமிஷமே சரி என்றேன். களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு, அப்புறம் என்ன தூரம்? மீன் வாங்க அங்கே போகிறோம், துணி எடுக்க அங்கே போகிறோம், ஓணத்துக்கு அவர்கள் பையன்கள் இங்கே வந்து கபடி ஆடுகிறார்கள். சோறு போட்டவன் டீமில் ஆடுவது நம் ஊரில் புதிதா?

நன்றாக ஆடினேன் அண்ணா. சாடினேன். ஜெயித்தோம். போட்டி தொடங்கும் முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக் கொடுத்தேன். ஷூ வெள்ளைக் கலரில் கணுக்காலுக்குக் கீழேதான் இருக்கிறது. இரண்டாவது ஆட்டத்தில் அதன் அடியும் வாய் பிளந்தது. பரவாயில்லை, ஒட்டிக்கொள்வேன். யாரிடமும் கெஞ்சாமல் கிடைத்த ஷூ.

ஷீஜா


ஷார்ஜா
6-1-1995

மக்களே ஷீஜா,

வாங்கிவிட்டேன்.

இதை எழுதும்போது ஷூ பெட்டி என் மடியில் இருக்கிறது. நாளைக் காலை பிரேமகுமாரி வந்து எடுத்துக்கொள்வாள். அவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் பாறசாலையில் இறங்கி உன்னிடம் கொடுத்துவிட்டுத்தான் காரக்கோணம் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நேற்று இஸ்திரி முடிந்து எதிர்ப்பக்கம் பார்த்தால் கண்ணாடிக்குள் ஷூவைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு டென்னிஸ் மட்டை நின்றது. நனைந்த சட்டையோடு தெருவைத் தாண்டினேன், ஒரு வண்டிக்காரன் அரபியில் என்னென்னவோ திட்டினான். கோழிக்கோட்டுக்காரன் லீவில் போயிருந்தான். புது ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பையிலிருந்து உன் பாதத்தை எடுத்து மேஜையில் வைத்து, இந்தக் கால், இந்தக் கால் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். கடைசியில் குடோனிலிருந்து எடுத்து வந்தான். கழிவு போட்டார்களா என்று நான் கேட்கவில்லை, கேட்ட விலையைக் கொடுத்தேன்.

அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். ஷீஜா ஆடட்டும், முடிவு தெரியும் வரை அதியன்னூர்க்காரர்களிடம் வாக்கு கொடுக்காதே என்று எழுதினேன். அம்மாவுக்கு எதிராக நான் எழுதிய முதல் கடிதம் அது.

லேஸை மேல் ஓட்டை வரை கட்டு. பயப்படாமல் சாடு.

ராஜதாஸ்


இஞ்சிவிளை
24-1-1995

அண்ணா,

ஷூ செலக்ஷனுக்கு முன்னாலேயே வந்தது. பிரேமகுமாரி அக்கா பெட்டியும் சாமானுமாக வாசலில் வந்து நின்றாள். முற்றத்திலேயே போட்டுப் பார்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். கணுக்காலை ஒரு கை பிடித்திருப்பது போல இருந்தது. அன்று நான் உங்கள்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

திருவனந்தபுரத்தில் முதல் நாள் காலை ஆட்டம் வைத்துப் பார்த்தார்கள். அண்ணா, நான் அப்படி ஆடியதே இல்லை. பயம் என்று ஒன்று இருந்ததே ஞாபகம் வரவில்லை. ஸ்மிதாவுக்கு நான் கொடுத்த பந்தெல்லாம் கூடையில் விழுந்தது. என் ஷூவைப் பார்த்து எங்கே கிடைத்தது என்று கேட்காத பெண் இல்லை. உண்ணி சார் சுவரோரம் நின்று சிரித்தார். எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

மதியம் பெயர் கூப்பிட்டு மேஜைக்கு வரச் சொன்னார்கள். யாரோ புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் நான் கையெழுத்துப் போட்ட தாள் அந்த ஒரு போட்டிக்கான தாள் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கான பதிவு. அது அங்கே ஸ்டேட் சங்கத்துக்குப் போய்விட்டது. ஒரே சீசனில் இரண்டு ஸ்டேட்டுக்கு ஒருத்தி ஆடக்கூடாது. மேஜையிலிருந்தவர் கோபப்படக்கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “மோளே, நீ ஏது ஸ்டேட்டுகாரியா?” என்று கேட்டார். நான் எந்த ஸ்டேட்டுக்காரி என்று இருபது வருஷமாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. சித்தி வீட்டுக்குப் போனேன் சார், ஷூவுக்காகப் போனேன் சார் என்று சொன்னேன். என் காலைப் பார்த்தார். இந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நின்று அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இந்த சீசன் எனக்கு இல்லை என்றார்கள். அடுத்த முறை வயது தாண்டிவிடும். ஸ்மிதாவை எடுத்துவிட்டார்கள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், எனக்கு அவளைத் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், இந்த வண்டி நெய்யாற்றின்கரை பாலத்திலிருந்து கீழே விழட்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன். மற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதால் பிறகு அந்த வேண்டுதலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அதியன்னூர் வீட்டார் அடுத்த மாதம் வருகிறார்கள். நான் என்ன செய்ய?

ஷீஜா


ஷார்ஜா
9-2-1995

மக்களே,

உன்னுடைய டிசம்பர் கடிதமும் ஜனவரிக் கடிதமும் கையில் இருக்கின்றன. டிசம்பர் கடிதம் வந்த அன்றே அந்தக் கையெழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஷூ போய்விட்டதே, இனி எல்லாம் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன். தங்கப்பன் அண்ணன் பெட்டியில் அதை வைத்திருந்தால் நீ செக்போஸ்ட் தாண்டியிருக்கமாட்டாய். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. 

அதியன்னூருக்குச் சரி என்று சொல்லிவிடு, எல்லோருக்கும் நிம்மதி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படி இரண்டு தாள் எழுதிக் கிழித்தேன். நீ அந்தப் பாலத்தைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு அப்படி எழுதுகிறவன் அண்ணன் இல்லை.

இங்கே கட்டில்காரர்களிடம் கேட்டேன். உன் பெயர் அந்தப் பக்கம் பதிவாகிவிட்டது என்றால் அந்தப் பக்கம் ஆடலாமே என்றார் ஒருவர். சித்தியிடம் விசாரி. அங்கே வேலை கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காமலே போகலாம். ஆனால் ஆட்டம் கிடைக்கும். நான் இன்னும் இங்கே நிற்கிறேன். என்னைப் பற்றி யோசிக்காதே, அம்மாவிடம் கொடுத்த வாக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போ மக்களே. நான் இந்த முறை யோசிக்கவில்லை.

ராஜதாஸ்


ஆனந்தபாய் சித்தி வீடு, மார்த்தாண்டம்
12-3-1995

அண்ணா,

மேலே எழுதியிருக்கும் முகவரிதான் இனி எனக்கு.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே சித்தியோடு கிளப்பில் போய்க் கேட்டேன். வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆட்ட நாளில் சாப்பாடும் பஸ் காசும் தருவார்கள். ஆனால் வருகிற சீசனில் இந்த ஸ்டேட்டுக்கு ஆட வேண்டுமென்றால் நான் இங்கே குடியிருப்பவளாக இருக்க வேண்டுமாம். சித்தியின் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டும். அதற்கு நம் கார்டிலிருந்து என் பெயரை வெட்டி, வெட்டியதற்குச் சீட்டு வாங்கி வர வேண்டும். கார்டு அம்மா பெயரில் இருக்கிறது. அம்மா வந்து கேட்காமல் வெட்டமாட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, பேசவும் இல்லை. நாட்கணக்காக வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். சாப்பாட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். அதியன்னூரிலிருந்து வார்த்தை கேட்டு ஆள் வந்தபோது அம்மா காப்பி கொடுத்து உட்காரவைத்தாள். நான் உள்ளே நின்று கேட்டேன், முடிந்தது என்று நினைத்தேன். “ஒரு வாரம் தாருங்க, மகனுக்கு எழுதிக் கேக்கணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். உங்களுக்கு எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். 

மறுநாள் காலையில் நீங்கள் தங்கப்பன் அண்ணன் கையில் கொடுத்தனுப்பிய சேலையைக் கட்டிக்கொண்டு, கார்டைத் துணியில் சுற்றி எடுத்து, “வாட்டி” என்றாள். நெய்யாற்றின்கரை வரை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. தாலுகா சப்ளை ஆபீஸில் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்தபோது கிளார்க் தலையைத் தூக்காமலே கேட்டார், “பேரு வெட்டான் காரணம் எந்தா? மரணமோ, விவாகமோ?” 

அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விவாகம் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். அவளுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியுமே. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். 

“ரெண்டும் இல்ல சாரே,” என்றாள் அம்மா. “அவளுக்கு அங்க சோலி கிடைச்சாச்சு.”

கிளார்க் எழுதிக்கொண்டார். சீல் அடித்துச் சீட்டைத் தந்தார். அம்மா அதை என் கையில் வைத்துவிட்டு, எனக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு பையனிடம் விசாரித்தாள், ஏதோ நான் அந்த ஊருக்குப் புதியவள் போல. பஸ் வரும் வரை நின்றாள். என் காலில் இருந்த ஷூவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பஸ் நகர்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. 

எனக்கு இங்கே ஒரு வேலையும் கிடைக்கவில்லை அண்ணா. அம்மாவுக்கு அது தெரியும்.

ஷீஜா